பதக்கம் வாங்கிய தபால்காரர்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போன முதல் வாரத்தில் என் மனதுக்கு ஒட்டிய ஒரே வண்டி தபால் வண்டிதான். அங்கே எல்லாக் கார்களுக்கும் ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கிறது. தபால் வண்டிக்கு மட்டும் நம் ஊரைப்போல வலதுபக்கம். வீட்டு வாசலோரப் பெட்டியில் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டித் தபால் போட வசதியாக அப்படிச் செய்திருக்கிறார்கள். பாஸ்டனை ஒட்டிய குவின்ஸியில் மகள் வீடு. தினமும் பகல் ஒரு மணிவாக்கில் அந்த வண்டி வரும். நான் வாசலில் காத்திருப்பேன். எனக்கு அங்கே ஒரு கடிதமும் வராது என்பது எனக்கும் தெரியும், தபால்காரருக்கும் தெரியும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் 36 ஆண்டுகள் தபால் சுமந்தவன் நான். கிளை அஞ்சலகத்தில் இ.டி. (நிரந்தரமல்லாத, பகுதிநேர) ஊழியராகத் தொடங்கி, தபால்காரராகி, ஓய்வு பெற்றேன். ஆங்கிலம் முகவரி படிக்கும் அளவுக்கு நன்றாக வரும், பேசத்தான் தயக்கம். நானும் அதே வேலைதான் பார்த்தேன் என்று அந்தத் தபால்காரரிடம் சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று. புரிந்ததும் அவர் கையை நீட்டியது தபால் பெட்டிக்கு அல்ல, எனக்கு. மேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டிய கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்து நியூ பெட்ஃபோர்டில் குடியேறிய குடும்பம் அவருடையது. ஒரு நாள், பாஸ்டனில் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். பொதுப் பூங்கா, துறைமுகம் என்று அடுக்கினேன். “வெண்கலச் சுவரைப் பார்த்தீர்களா? அந்தப் படையில் நம் ஆள் ஒருவர் இருந்தார்” என்றார். 1863-ல் போரிட்ட கறுப்பர் படை ஒன்றுக்குப் பாஸ்டனில் வைத்திருக்கும் வெண்கல நினைவுச்சின்னத்தைச் சொன்னார். அந்தப் படையில் அவருடைய முன்னோர் யாரோ இருந்தார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தபால் பையைத் தட்டிக் காட்டிய பிறகுதான் ‘நம் ஆள்’ என்பதில் நானும் அடக்கம் என்பது விளங்கியது.

அப்படித்தான் சார்ஜன்ட் வில்லியம் ஹார்வி கார்னி என்ற பெயர் என் காதில் விழுந்தது. அதன் பிறகு நான்கு மாதம் அந்த மனிதரின் பின்னால் அலைந்தேன். மகளுக்குச் சிரிப்பு, மருமகனுக்கு வியப்பு. அலைந்ததில் தெரிந்துகொண்டதையும், அலையும்போது நான் செய்த தவறுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். 1861 முதல் 1865 வரை அடிமை முறையை வைத்து அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரின் சிப்பாய் ஒருவரின் வாழ்க்கையைத் தேட நினைப்பவருக்கு மட்டுமல்ல, சொந்த ஊர்ப் பழைய ராணுவக்காரரைப் பற்றி நாலு வரி எழுத நினைப்பவருக்கும் உதவக்கூடும்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1840 பிப்ரவரி 29-ல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் அடிமையாகப் பிறந்தவர். நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் பிறந்தநாள். குடும்பம் பிறகு மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தது. அது திமிங்கில வேட்டைக் கப்பல்களின் ஊர். தெற்கிலிருந்து தப்பி வரும் அடிமைகளுக்கு அடைக்கலமாகவும் இருந்தது. 1838-ல் தப்பி வந்து, பிறகு அடிமை ஒழிப்புப் போராளியாகப் பெயர் பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸும் முதலில் அங்கேதான் வேலைக்கு நின்றார். கார்னிக்கு மதபோதகர் ஆக வேண்டும் என்று விருப்பம். 1863 ஜனவரி 1-ல் அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் வந்தது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ கறுப்பர்களைக் கொண்டு 54வது காலாட்படையைத் திரட்டினார். டக்ளஸின் மகன்கள் இருவர் அதில் சேர்ந்தார்கள். கார்னியும் சேர்ந்தார், படையின் உட்பிரிவுகளில் ஒன்றான சி கம்பெனியில். நாட்டுக்கும் ஒடுக்கப்பட்ட தன் சகோதரர்களுக்கும் உழைப்பதே கடவுளுக்குச் செய்யும் நல்ல ஊழியம் என்று பட்டதாக அதே ஆண்டு நவம்பரில் பத்திரிகையில் வெளியான கடிதத்தில் அவர் எழுதியிருக்கிறார். போதகர் ஆக நினைத்தவரின் கையில் என்ஃபீல்டு துப்பாக்கி வந்தது.

இனி அந்த ஒரு மாலை.

1863 ஜூலை 18. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயில் மோரிஸ் தீவு. மணலையும் பனை இனத்து மரக்கட்டைகளையும் வைத்துக் கட்டிய, தெற்குப் படையின் வாக்னர் கோட்டை. பகல் முழுக்க வடக்குப் படையின் கப்பல் பீரங்கிகளும் தரைப் பீரங்கிகளும் கோட்டையை அடித்தன. கல் கோட்டையாக இருந்திருந்தால் நொறுங்கியிருக்கும். இது மணல், குண்டு போய்ப் புதைந்துகொண்டது. உள்ளே இருந்தவர்கள் நிலவறைக்குள் பதுங்கியிருந்துவிட்டு, பீரங்கி ஓய்ந்ததும் ஏறி வந்து மதிலில் நின்றார்கள். இது வெளியே இருந்தவர்களுக்குத் தெரியாது. 54வது படைக்கு முந்தைய இரண்டு இரவும் தூக்கமில்லை. சதுப்பில் மழையில் நடை, படகு, மறுபடி நடை. வயிற்றுக்குச் சரியாக எதுவும் இல்லை. அப்படி வந்து சேர்ந்தவர்களைத்தான் முன்வரிசையில் நிறுத்தினார்கள். தளபதி ராபர்ட் கூல்ட் ஷா என்ற வெள்ளையருக்கு வயது 25. கார்னிக்கு 23.

ஒருபக்கம் கடல், ஒருபக்கம் சதுப்பு, நடுவில் குறுகிக்கொண்டே போகும் மணல் பட்டை. இருட்டும் நேரத்தில் ஏறக்குறைய 600 பேர் ஓடினார்கள். கொடி பிடித்திருந்த சார்ஜன்ட் சுடப்பட்டார். கார்னி கொடியைப் பிடித்தார். அகழியைத் தாண்டி, மதிலின் சரிவில் ஏறிக் கொடியை ஊன்றினார். ஷா அந்த மதிலில்தான் செத்தார். அவரை அவருடைய சிப்பாய்களோடு ஒரே குழியில் போட்டுப் புதைத்துவிட்டார்கள். இழிவுபடுத்துவதற்காகச் செய்த காரியம். மகனை அங்கேயே விட்டுவிடுங்கள், அவனுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று தகப்பனார் தெரிவித்துவிட்டார். தாக்குதல் தோற்றது. பின்வாங்கும்போது கார்னிக்கு மேலும் மேலும் குண்டு பட்டது. வழியில் வேறு படையைச் சேர்ந்த ஒருவர் கொடியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை. ஊர்ந்தும் தவழ்ந்தும் வந்து தன் படை ஆட்களிடம்தான் ஒப்படைத்தார். கொடி தரையைத் தொடவே இல்லை என்று அப்போது அவர் சொன்ன வார்த்தைதான் அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் அவர் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிறது. 54வது படையில் மட்டும் செத்தவர், காயப்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 270 பேர் அளவில். மொத்தத் தாக்குதலில் வடக்குப் படைக்கு 1,500-க்கு மேல் இழப்பு, கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு 200-க்கும் கீழே.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. கொடி பிடித்தவர் கையில் துப்பாக்கி எங்கே போயிற்று? அக்காலக் காலாட்படை விதிப்படி கம்பம் ஒன்பது அடி பத்து அங்குலம். கொடி ஆறரை அடிக்கு ஆறடி, பட்டுத் துணி. மருமகன் கேரேஜில் பத்தடி மரச்சட்டம் ஒன்று கிடந்தது. அதில் இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றை ஆணி அடித்து மாட்டிக்கொண்டு வொல்லஸ்டன் கடற்கரைக்குப் போனேன். மகள் காரைவிட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

மணலில் முப்பது தப்படி போவதற்குள் எனக்கு விடை கிடைத்துவிட்டது. கடல் காற்று விரிப்பை வாங்கிக்கொண்டதும் கம்பு என்னை ஒருபக்கமாக இழுத்தது. ஒரு கையால் பிடிக்கவே முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, அடியை இடுப்பில் முட்டுக்கொடுத்தால்தான் நிமிர்ந்து நிற்கிறது. அப்படியானால் துப்பாக்கிக்குக் கை கிடையாது. கொடிக்காரர் எதிரியைச் சுட முடியாது. எதிரியோ முதலில் சுடுவது கொடிக்காரரைத்தான், ஏனென்றால் புகை மூட்டத்தில் படை எங்கே நிற்கிறது என்பதற்கு அந்தக் கொடிதான் அடையாளம். இன்னொன்றும் தெரிந்தது. முழங்காலிட்டு நகர்ந்து பார்த்தேன். அப்போது துணி தரையைத் தொடாமல் இருக்க வேண்டுமென்றால் கையைத் தலைக்குமேல் தூக்கியபடியே நகர வேண்டும். நான் நான்கு தப்படி நகர்ந்தேன். என் உடம்பில் குண்டு ஏதும் இல்லை.

தேடலில் நான் செய்த உருப்படியான காரியங்களில் இதுவும் ஒன்று என்று இப்போதும் சொல்வேன். புத்தகத்தில் ஒரு பொருளின் அளவு கிடைத்தால், அதே அளவில் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். படித்து விளங்காத பத்து விஷயம் தோள்பட்டைக்கு விளங்கிவிடும்.

காயங்களால் கார்னி 1864 ஜூன் 30-ல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். இதில் சம்பளக் கதை ஒன்று உண்டு. மாதம் 13 டாலர் என்று சொல்லித்தான் ஆள் எடுத்தார்கள். எடுத்த பிறகு கறுப்பருக்கு 10 என்றார்கள், அதிலும் துணிக்கு 3 பிடித்தம். 54வது படையினர் அதைத் தொடவே மாட்டோம் என்று மறுத்தார்கள். மாநில அரசு வித்தியாசத்தை நாங்கள் தருகிறோம் என்று முன்வந்தபோதும் மறுத்தார்கள். பிரச்சினை மூன்று டாலர் அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு பைசா வாங்காமல் போரிட்டார்கள். வாக்னர் கோட்டையில் விழுந்தவர்களும் சம்பளம் வாங்காதவர்கள்தான். 1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது, பணம் கைக்கு வர இலையுதிர்காலம் ஆயிற்று. அதற்குள் கார்னி வீடு திரும்பியிருந்தார். மணியார்டர் பட்டுவாடா செய்து பழகிய எனக்கு இந்தப் பகுதியை வாசிக்கும்போது கை பரபரத்தது.

புத்தகங்களும் பலகைகளும் இங்கிருந்து ஒரே தாவாக அவர் வாங்கிய மெடல் ஆஃப் ஆனர் என்ற, அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கத்துக்குத் தாவுகின்றன. நடுவில் 36 வருடம் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

1865-ல் சூசன்னா வில்லியம்ஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே மகள், கிளாரா. சில காலம் ஊரின் தெருவிளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சில காலம் கலிபோர்னியா. 1869-ல் நியூ பெட்ஃபோர்டில் தபால்காரர் வேலை. அதில் 32 ஆண்டுகள்.

இந்த எண்ணைப் பார்த்ததும் நான் சற்றுநேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். காலிலும் இடுப்பிலும் அடிபட்டு, இனி சிப்பாயாக நடக்க லாயக்கில்லை என்று எழுதி அனுப்பப்பட்ட மனிதர். அவர் தேர்ந்தெடுத்தது நடக்கிற வேலை. அதுவும் எப்படிப்பட்ட நடை? அமெரிக்க நகரங்களில் வீட்டுக்கு வந்து இலவசமாகத் தபால் கொடுக்கும் வழக்கமே 1863 ஜூலை 1-ல்தான் தொடங்கியது. வாக்னர் கோட்டைத் தாக்குதலுக்குப் பதினேழு நாள் முன்னால்! போருக்குப் போன பிள்ளையின் கடிதத்துக்காகப் பெண்கள் குளிரில் தபால் நிலைய வாசலில் வரிசையில் நின்ற காலம் அது. அன்றைக்கு வீடுகளில் தபால் பெட்டி கிடையாது. கதவிலோ வாசலிலோ பெட்டி இருந்தாக வேண்டும் என்ற விதி 1923-ல்தான் வந்தது. அதுவரை தபால்காரர் படியேறி, கதவைத் தட்டி, ஆள் வரும்வரை நின்று, கையில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். நகரத்தில் ஒரு நாளைக்கு ஒரு நடையோடு முடியாது, மறுபடி போக வேண்டும். எட்டு மணி நேர வேலை என்பதே 1888-ல் வந்த சட்டம். அதற்கு முந்தைய பத்தொன்பது ஆண்டுகள் அவர் வேலை பார்த்தது அந்தச் சட்டம் இல்லாமல்.

தபால் வேலை பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சமதரையில் நடப்பது தபால்காரனைக் கொல்லாது. படிதான் கொல்லும். என் பீட்டில், அதாவது நான் தபால் கொடுத்த பகுதியில், இரட்டைத் திண்ணை வீடுகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் நான்கு படி. தோளில் பை தொங்கும்போது ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி, உடம்பின் கனத்தோடு பையின் கனமும் ஒரே முழங்காலில் இறங்கும். ஐம்பது வயதுக்குமேல் நான் படி இறங்கும்போது பையை மார்புப் பக்கம் தள்ளிக்கொண்டு, நல்ல காலை இரண்டாவதாக இறக்கப் பழகிக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் முழங்கால் குண்டடி படாத முழங்கால். நியூ பெட்ஃபோர்டின் பனிக்காலத்தில், வழுக்கும் படிகளில், 32 ஆண்டு அந்த மனிதர் எந்தக் காலை முதலில் வைத்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

தபால்காரர்களின் தேசியச் சங்கம் 1889-ல் மில்வாக்கி நகரில் உருவானது. பழைய போர்வீரர்களின் ஆண்டுக்கூட்டத்துக்கு வந்திருந்த தபால்காரர்கள்தான் அங்கே கூடி அதைத் தொடங்கினார்கள். போரும் தபாலும் அந்த நாட்டில் அப்படி ஒட்டிக்கிடக்கிறது. நியூ பெட்ஃபோர்டில் அமைந்தது 18வது கிளை. அதைத் தொடங்கிய துணைத் தலைவர் கார்னி. எங்கள் வீட்டுக்கு வந்த தபால்காரர் பெருமையோடு முதலில் சொன்னது இதைத்தான், பதக்கத்தை அல்ல.

பதக்கம் வந்தது 1900 மே 23-ல். கொடி பிடித்து ஏறக்குறைய 37 ஆண்டுகள் கழித்து. அப்போது அவருக்கு 60 வயது, இன்னும் தபால் சுமந்துகொண்டிருந்தார். பாராட்டுரை சில வரிகள்தான்: கொடி சார்ஜன்ட் விழுந்ததும் கொடியைப் பிடித்தார், மதில்வரை முன்னால் போனார், ஊன்றினார், பின்வாங்கும்போது கடும் சூட்டில் இருமுறை பலத்த காயம் பட்டும் கொண்டுவந்து சேர்த்தார்.

இந்த இடத்தில் நான் சறுக்கினேன். மெடல் ஆஃப் ஆனர் பெற்ற முதல் கறுப்பர் கார்னி என்று ஒரு பலகையில் படித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் எங்கள் ஓய்வூதியர் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். தவறு. கடற்படையைச் சேர்ந்த ராபர்ட் பிளேக் என்ற கறுப்பர் 1864-லேயே வாங்கிவிட்டார். ஆனால் பிளேக்கின் செயல் 1863 டிசம்பரில் நடந்தது, கார்னியுடையது ஜூலையில். ஆக, பதக்கத்துக்குரிய செயல்களில் கார்னியுடையது முந்தியது, பதக்கம் கைக்கு வந்ததில் பிந்தியது. எந்தப் போர்வீரரைப் பற்றி எழுதினாலும் செயல் நடந்த தேதியையும் விருது வந்த தேதியையும் தனித்தனி வரியில் குறித்துக்கொள்ளுங்கள். ‘முதல்’ என்ற சொல்லைக் கண்டால், எதில் முதல் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அனுப்புங்கள். நான் மறுநாள் திருத்தம் அனுப்பினேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. உள்நாட்டுப் போர்க்காலப் பதக்கத்தை இன்றைய கண்ணால் எடை போடக்கூடாது. 1862-ல் தரைப்படைக்கென்று உருவானபோது வேறு பதக்கமே கிடையாது. இதுவரை கொடுக்கப்பட்ட ஏறக்குறைய 3,500-ல் 1,500-க்கு மேல் அந்தப் போருக்குரியவை. மெய்ன் மாநிலத்தின் 27வது படையின் கதை வேடிக்கையானது. ஒப்பந்தக் காலம் முடிந்த நேரத்தில், தலைநகரைக் காக்க இன்னும் சில நாள் இருங்கள் என்று கேட்டார்கள். சுமார் 300 பேர் இருந்தார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பதக்கம் மட்டும் 864 பேருக்கும் போய்விட்டது! 1917-ல் மறு ஆய்வு செய்து 911 பெயர்களை நீக்கியபோது இந்த 864-ம் அதில் அடக்கம். அவர்களுக்கு அப்படி வந்த பதக்கம் கார்னிக்கு வர 37 வருடம் ஆனது. ஆகவே ஒருவர் பதக்கம் வாங்கினாரா என்பதை மட்டும் கேட்டுப் பயனில்லை. எந்த ஆண்டு, எதற்காக, யார் சாட்சி சொல்லி என்று கேட்க வேண்டும்.

இதை எழுதும்போது எங்கள் ஊர் ஹவில்தார் ஐயாவை விட்டுவிட முடியவில்லை. 1962 போரில் இருந்தவர். அவருடைய ஓய்வூதிய மணியார்டரைப் பதினொரு வருடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். டால்டா டப்பாவில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு பதக்கங்களையும் போட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு மாதமும் கையெழுத்து வாங்கும்போது பனியைப் பற்றிக் கேட்பேன், சீனாக்காரனைப் பற்றிக் கேட்பேன். அவரும் சலிக்காமல் சொல்வார். அவர் இறந்தபோது, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நாலு வரி எழுதித் தரும்படி மகன் என்னிடம் வந்தான். ‘1962 போர் வீரர்’ என்று எழுதினேன். இரண்டாவது வரி வரவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு நாற்பது வருடம் அவர் என்ன செய்தார் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அரிசி ஆலையில் காவல் இருந்தார் என்று மகன்தான் சொன்னான். பிறகு அவனும் யோசித்து, எத்தனை வருடம் என்று சரியாகத் தெரியவில்லை என்றான்.

சரி, தேடும் வழிக்கு வருகிறேன். உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்க்கு இரண்டு வகைக் காகிதம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று பணிப்பதிவு. சேர்ந்த நாள், கம்பெனி, வருகைப் பட்டியலில் இருந்தாரா இல்லையா, மருத்துவமனையில் இருந்தாரா, விடுவிக்கப்பட்ட நாள். நம் வருகைப் பதிவேட்டைப்போல வறண்ட காகிதம். இன்னொன்று ஓய்வூதியக் கோப்பு. மனிதர் அதில்தான் இருப்பார். காயம் எந்த இடத்தில், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்ற மருத்துவர் குறிப்பு, மனைவியின் கல்யாணச் சான்று, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வாக்குமூலம் எல்லாம் அங்கே வரும். இரண்டுமே வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பு. முதல் படியாக, தேசியப் பூங்காத் துறை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் சிப்பாய்கள் பெயர்ப்பட்டியலில் பெயரும் படையும் சரிதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அக்காலத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கும். அதனால் பெயரை மட்டும் நம்பாமல் படை எண், கம்பெனி எழுத்து இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். முகவரியில் பின்கோடு இல்லாத கடிதத்தைப் பட்டுவாடா செய்தவர்களுக்கு இது புதிதல்ல.

நம் ஊர் முன்னாள் ராணுவத்தாருக்கும் இதே கதைதான். வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகமும் ஓய்வூதிய ஆணையும் எங்கே இருக்கின்றன என்று அவர் இருக்கும்போதே பார்த்து, இரண்டு நகல் எடுத்து வையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் முதலில் கேட்பது அவருடைய ராணுவ எண்ணைத்தான். பேச உட்காரும்போது போரில் தொடங்க வேண்டாம். ஊருக்கு வந்து முதலில் என்ன வேலைக்குப் போனீர்கள், எந்த வருடம், கூலி எவ்வளவு என்று தொடங்குங்கள். போர் தானாக வரும்.

இடங்களைப் பார்க்க நினைப்பவர்களுக்கு: வாக்னர் கோட்டையைத் தேடிப் போகாதீர்கள், கடல் தின்றுவிட்டது. மோரிஸ் தீவில் ஆள் குடியிருப்பு இல்லை, படகில்தான் போக முடியும். தபால்காரர் சொன்ன வெண்கலச் சுவரான ஷா நினைவுச்சின்னம் பாஸ்டனில் எப்போதும் திறந்த வெளியில் நிற்கிறது. செயின்ட் காடன்ஸ் என்ற சிற்பி பதினான்கு ஆண்டு செதுக்கிய வெண்கலம். 1897 மே 31-ல் திறந்தபோது கார்னியும் கொடியோடு வந்திருந்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது. பின்பக்கமும் போய்ப் பாருங்கள். செத்த வெள்ளை அதிகாரிகளின் பெயர்களை முதலிலேயே செதுக்கிவிட்டார்கள். செத்த கறுப்புச் சிப்பாய்களின் பெயர்கள் ஏறியது 1980களில்தான். எதிரே மாநில அரசு மாளிகை. வார நாட்களில் இலவசமாக உள்ளே விடுகிறார்கள். பையைச் சோதிப்பார்கள், அவ்வளவுதான். போர்க் கொடிகளுக்கென்று ஒரு மண்டபமே உண்டு.

அந்த மாளிகையில்தான் கார்னியின் கடைசி வேலை. தபாலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை, அங்கே ஓர் அலுவலகத்தில் காகிதம் எடுத்துச் செல்லும் பணியாளாகச் சேர்ந்தார். தன் படையை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கும் தெருவைக் கடந்து தினமும் கோப்பு சுமக்கப் போயிருக்கிறார். 1908-ல் அந்தக் கட்டடத்தின் லிஃப்டில் கால் சிக்கியது. டிசம்பர் 9-ல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் இறந்தார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் நியூ பெட்ஃபோர்டுக்குத் தனியாகப் போனேன். 2025 மார்ச்சிலிருந்து பாஸ்டனிலிருந்து அங்கே மறுபடி ரயில் ஓடுகிறது. கார்னி அடங்கியிருக்கும் ஓக் குரோவ் இடுகாடு பெரியது. கல்லறை எந்தப் பகுதியில் என்று முன்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். நான் அப்படிச் செய்யாததால் ஒரு மணி நேரம் சுற்றினேன். வெள்ளைக் கல்லில் பதக்கத்தின் உருவம் பொறித்திருந்தது. தபால் பை இல்லை. இருக்காது என்று தெரிந்தும் கல்லின் பின்பக்கம் ஒருமுறை பார்த்தேன்.

அங்கிருந்து துறைமுகம்வரை இறங்கிவிட்டு, மில் தெருவிலுள்ள 128-ம் எண் வீட்டுக்கு ஏறி வந்தேன். கார்னி குடியிருந்த வீடு. நீர்முனையிலிருந்து மேற்கே ஊர் ஏற்றமாக ஏறுகிறது. பாதி ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கினேன். தெருவின் இருபுறமும் மர வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் படி. பழக்கதோஷம், எண்ணிக்கொண்டே நடந்தேன். அவர் வீட்டு வாசலில் தட்டவில்லை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். ரயில் நிலையம் வரும்போது எண்ணிக்கை 140-ல் இருந்தது.

மறுநாள் பகல் ஒரு மணிக்குத் தபால் வண்டி வந்தது. போய் வந்தீர்களா என்று கேட்டார். வந்தேன் என்றேன். ஏற்றம் எப்படி இருந்தது என்றார். நான் முழங்காலைத் தட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார். தபால் கட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கானதைப் பிரித்து, பெட்டியில் போடாமல் என் கையில் கொடுத்தார். ஒரு மின்சாரக் கட்டணச் சீட்டு, இரண்டு விளம்பரத் தாள்.